தோற்ற கருத்தும் நிலைத்த நெறியும்: கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான்

ஒரு கருத்தைத் தொடங்கி வைத்தவர்களைக் கத்தோலிக்கர்கள் என்கிறோம், அதே கருத்தைப் பின்பற்றியவர்களைத் தப்பறையாளர்கள் என்கிறோம். இது என்ன விந்தை என்று ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு துறவி கேட்டார். இன்றைய பிரான்சின் தென்கரையை ஒட்டிய லெரின் தீவில் வாழ்ந்த வின்சென்ட் என்பவர் அவர். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயரான சிப்ரியானை மனத்தில் வைத்தே அவர் அப்படிக் கேட்டார். திருச்சபையை விட்டுப் பிரிந்து நிற்பவர்கள் கொடுக்கும் திருமுழுக்கு செல்லாது, அவர்களிடமிருந்து வருபவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தே ஏற்க வேண்டும் என்பது சிப்ரியானின் உறுதியான நிலைப்பாடு. அவர் இறந்து 56 ஆண்டுகளுக்குப் பின், 314இல் ஆர்ல் நகரில் கூடிய மேற்கத்திய ஆயர்களின் சங்கம் அந்த ஆப்பிரிக்க வழக்கத்தை ஏற்கவில்லை. தம் வாழ்நாளின் மிகப் பெரிய விவாதத்தில் அவர் தோற்றார் என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் கத்தோலிக்கத் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில், உரோமை ஆயர்களை அடுத்து அவர் பெயர் இன்றும் நிற்கிறது. தமிழில் நிறைவேற்றப்படும் திருப்பலி நூலிலும் அது உண்டு. அவரை எதிர்த்துத் தீர்ப்புச் சொன்ன மரபே அவரைத் தன் ஆசானாகக் கொண்டாடுவது எப்படி?

அவர் மறைசாட்சியாக உயிர் கொடுத்தார், அந்த இரத்தம் பிழையைக் கழுவிவிட்டது என்பதே வழக்கமான விடை. இதை முழு விடையாகக் கொள்வதற்குச் சிப்ரியானே தடையாக இருக்கிறார். திருச்சபையின் ஒருமையைக் குறித்து 251இல் எழுதிய நூலில், சபையைப் பிளந்துவிட்டு வெளியே நிற்பவன் கிறிஸ்துவுக்காக உயிரையே கொடுத்தாலும் அந்தப் பிளவின் கறை நீங்காது என்று அவர் வாதிடுகிறார். அவருடைய அளவுகோலின்படியே, சாவு மட்டும் ஒருவரைப் புனிதராக்காது. அவர் தம்மோடு முரண்பட்ட ஆயர்களை வெட்டி எறிந்திருந்தால் அவருடைய மறைசாட்சியமும் அவருடைய தர்க்கத்தாலேயே செல்லாததாகியிருக்கும். அவர் விட்டுச்சென்ற உண்மையான மரபு, உறவை முறிக்காமல் கருத்து வேறுபடுவதற்கு அவர் வகுத்த நெறி என்பதே இக்கட்டுரையின் வாதம். திருமுழுக்கைப் பற்றிய அவர் கருத்து தோற்றது. கருத்து வேறுபாட்டைக் கையாண்ட முறை நிலைத்தது.

இந்த வாதத்தைச் சோதிக்கப் போதிய சான்றுகள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் ஆயர்களில் இவரளவுக்கு ஆவணங்கள் எஞ்சியவர்கள் மிகச் சிலரே. அவர் எழுதியவையும் அவருக்கு எழுதப்பட்டவையுமாக 81 மடல்களின் தொகுப்பு, பல சிறுநூல்கள், அவருடைய திருத்தொண்டர் பொந்தியுஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு, நீதி விசாரணையின் பதிவு ஆகியவை கிடைக்கின்றன. நாவன்மை கற்பிக்கும் ஆசிரியராகக் கார்த்தேஜில் பெயர் பெற்றிருந்த அவர் 246ஐ ஒட்டிக் கிறிஸ்தவரானார். தம் சொத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்காகக் கொடுத்தார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மக்களின் ஆரவாரமான ஆதரவோடு ஆயரானார். நேற்று வந்தவருக்கு இந்தப் பதவியா என்று மூத்த குருக்கள் ஐவர் எதிர்த்தனர். அந்த எதிர்ப்பு அவர் காலம் முழுவதும் தொடர்ந்தது. குருக்களின் ஆலோசனையும் மக்களின் ஒப்புதலும் இல்லாமல் எதையும் என் விருப்பப்படி மட்டும் செய்வதில்லை என்று ஆயரான நாளிலேயே தீர்மானித்ததாக அவர் ஒரு மடலில் சொல்கிறார். இப்படிச் சொல்வது எளிது. அதைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை அடுத்த ஆண்டே காட்டியது.

249இல் பேரரசரான தேசியுஸ், பேரரசின் குடிமக்கள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டதற்கு உள்ளூர் அதிகாரிகள் சான்றிதழ் கொடுத்தனர். 250ஆம் ஆண்டின் கோடையைச் சேர்ந்த அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று முதலை வடிவத் தெய்வமான பெத்தேசூக்கோசின் பூசாரிப் பெண் ஒருத்திக்கு வழங்கப்பட்டது. கோயில் பூசாரியே சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது என்றால், ஆணை கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்ததாகத் தெரியவில்லை. பேரரசு முழுவதையும் ஒரே வழிபாட்டில் இணைப்பதே அதன் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். கிறிஸ்தவர்கள் மேல் அது இடியாக விழுந்தது. உரோமை ஆயர் ஃபாபியான் 250 ஜனவரியில் உயிரிழந்தார். கார்த்தேஜில் மக்கள் திரளாகச் சென்று பலியிட்டனர். சிலர் தூபம் மட்டும் போட்டனர். சிலர் பலியிடாமலேயே அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டனர். ஆயரோ நகரை விட்டு மறைந்தார்.

அவர் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு இதுதான். ஆயர் இல்லாதிருந்த உரோமையின் குருக்கள் கார்த்தேஜுக்கு எழுதிய மடலில், ஓநாய் வரும்போது ஓடிவிடும் கூலியாளைப் பற்றிய நற்செய்தி உவமையை நினைவூட்டிப் பூடகமாகக் குத்தினார்கள். சிப்ரியான் அந்த மடலையே திருப்பியனுப்பி, இது உண்மையில் நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டார்; பிறகு தாம் மறைவிலிருந்து ஊருக்கு எழுதிய 13 மடல்களின் படிகளை அனுப்பித் தம் பணி நிற்கவில்லை என்று காட்டினார். இதைச் சாமர்த்தியமான தற்காப்பு என்று ஒதுக்கலாம். ஆனால் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 258இல் தம்மை ஊத்திக்கா நகருக்குக் கொண்டுசென்று தண்டிக்கப்போகிறார்கள் என்று அறிந்ததும் அவர் சில நாட்கள் ஒளிந்துகொண்டார். ஆளுநர் கார்த்தேஜுக்கு வந்தவுடன் திரும்பினார். ஆயர் தம் மக்கள் நடுவே தம் ஊரில்தான் சாக வேண்டும் என்று தம் கடைசி மடலில் காரணம் சொன்னார். அவருடைய கணக்கில் உயிர், பதவியைச் சேர்ந்தது. எப்போது கொடுப்பது என்பதும் மக்களின் தேவையைப் பொறுத்தது. இந்த விளக்கத்தை ஏற்றாலும் 250இல் மறைந்ததற்கு அவர் கொடுத்த விலை குறையவில்லை. ஆயரின் இருக்கை வெறுமையாக இருந்தபோது வேறோர் அதிகாரம் அங்கே எழுந்தது.

விசுவாசத்தை மறுக்காமல் சிறையும் சித்திரவதையும் ஏற்றவர்களுக்கு மக்களிடம் அளவற்ற மதிப்பு இருந்தது. பலியிட்டு வழுவியவர்கள் அவர்களிடம் சென்று பரிந்துரை மடல் கேட்டார்கள்; அவர்களும் கொடுத்தார்கள். இன்னாரும் அவர் வீட்டாரும் என்று எண்ணிக்கை வரையறை இல்லாத மடல்கள் எழுதப்பட்டன. ஐந்து குருக்களின் அணி அவற்றை ஏற்று, எந்தத் தவமும் இல்லாமல் வழுவியவர்களை நற்கருணைக்குச் சேர்த்தது. மறுமுனையில் உரோமையில் நொவாசியன் என்ற குரு, பலியிட்டவர்களுக்குத் திருச்சபை ஒருபோதும் மன்னிப்பு அளிக்க முடியாது என்றார். 251இல் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கொர்னேலியுவுக்கு எதிராகத் தாமே போட்டி ஆயரானார். எல்லாரையும் உடனே சேர், எவரையும் சேர்க்காதே என்ற இரு நிலைகளுக்கும் இடையே சிப்ரியான் எடுத்த முதல் முடிவு, முடிவைத் தள்ளிப்போடுவது. இது ஒரு மாநிலத்தின் சிக்கல் மட்டுமல்ல, ஒருவர் மட்டும் தீர்க்கக் கூடியதும் அல்ல, அமைதி திரும்பியதும் ஆயர்கள் கூடி மக்கள் முன்னிலையில் தீர்க்கட்டும் என்றார். 251 வசந்தத்தில் கார்த்தேஜ் சங்கம் கூடியது. சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களின் வழக்குகளைத் தனித்தனியே விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்து சாகும் தறுவாயிலாவது சேர்க்கப்படுவது என்று தீர்மானித்தது. ஒரே பெயரில் அழைக்கப்பட்ட குற்றத்துக்குள் வேறுபாடுகளைக் கண்டதே அந்தச் சங்கத்தின் பெரிய சாதனை.

தீர்ப்பு அத்தோடு உறையவுமில்லை. 253 வாக்கில் மீண்டும் ஒரு துன்புறுத்தல் வரும் என்ற அச்சம் எழுந்தபோது, தவத்தில் இருந்த அனைவரையும் உடனே சேர்த்துக்கொள்ள 42 ஆயர்கள் முடிவு செய்தனர். போராட்டத்துக்குப் போகிறவனை நிராயுதபாணியாக அனுப்பக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இதற்குச் சற்று முன்பே, கடுமையாகப் பேசிவந்த சிப்ரியான் இளகிவிட்டார் என்று அந்தோனியன் என்ற ஆயர் ஐயம் கொண்டிருந்தார். அவருக்கு எழுதிய நீண்ட மடலில் சிப்ரியான் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சுட்டுகிறார். முந்தைய தலைமுறையின் ஆப்பிரிக்க ஆயர்களில் சிலர், விபசாரத்தில் விழுந்தவர்களுக்கு மன்னிப்பு இல்லை என்றே நடந்துகொண்டனர், மற்றவர்கள் மன்னித்தனர். ஆனாலும் கடுமை காட்டியவர்கள் உடன் ஆயர்களை விட்டு விலகவில்லை, ஒருமையை உடைக்கவில்லை. ஒவ்வோர் ஆயரும் தம் செயலுக்கு ஆண்டவரிடம் கணக்குக் கொடுப்பார் என்று விட்டுவிட்டனர். சிப்ரியானின் நெறி முதன்முதலாகத் தெளிவாக உருப்பெறும் இடம் இது. இது உரோமையோடு அவருக்குப் பூசல் மூள்வதற்குச் சில ஆண்டுகள் முன்பு எழுதப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு மறுப்புக்கு விடை சொல்ல அது தேவைப்படும்.

உறவை முறிக்காதிருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அவருடைய இறையியல் நூல்களை விடக் கணக்குப் புத்தகம் தெளிவாகச் சொல்லும். அவர் பெயராலேயே பின்னாளில் அழைக்கப்பட்ட கொள்ளைநோய் 250களில் பேரரசெங்கும் பரவியது. வயிற்றுப்போக்கு, தொண்டைப் புண், ஓயாத வாந்தி, சிவந்த கண்கள், செவியும் பார்வையும் போதல் என அதன் அறிகுறிகளை அவர் விவரித்திருக்கிறார். நோயாளிகளைப் பராமரிப்பதில் கிறிஸ்தவர், பிறர் என்ற வேறுபாடு கூடாது என்று அவர் மக்களைத் தூண்டியதாகப் பொந்தியுஸ் எழுதுகிறார். நுமிடியாவில் படையெடுத்து வந்தவர்கள் கிறிஸ்தவர்களைச் சிறைபிடித்துச் சென்றபோது, அங்கிருந்த எட்டு ஆயர்களுக்குக் கார்த்தேஜ் சபை ஒரு லட்சம் செஸ்தெர்சு பணம் திரட்டி அனுப்பியது. கொடுத்தவர்களின் பெயர்களையும் இணைத்து, அவர்களை மன்றாட்டில் நினைவுகூருமாறு கேட்டது. சபைகளுக்கிடையே ஒன்றிப்பு என்பது அவருக்கு மனநிலை மட்டுமன்று. பணமும் ஆளும் மடலும் செல்லும் பாதை அது. அதை மூடுவதால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் விவாதத்தில் இல்லாதவர்கள்.

255இல் அந்தப் பாதைக்கே சோதனை வந்தது. நொவாசியனின் அணியில் திருமுழுக்குப் பெற்றவர்கள் மனம் மாறி வரும்போது என்ன செய்வது? தலைமேல் கைகளை வைத்து மன்றாடி ஏற்றால் போதும் என்பது உரோமையின் வழக்கம். 254இல் ஆயரான ஸ்தேவான் அதில் உறுதியாக நின்றார். கார்த்தேஜில் ஏறத்தாழ 220 அளவில் ஆயர் அகிரிப்பினுஸ் காலத்திலேயே மாறான முடிவு எடுக்கப்பட்டிருந்தது. சிப்ரியானின் தர்க்கம் எளியது: தூய ஆவியார் திருச்சபையில்தான் இருக்கிறார், பிரிந்தவனிடம் அவர் இல்லை, தன்னிடம் இல்லாததை ஒருவன் எப்படிக் கொடுப்பான்? ஸ்தேவான் வழக்கத்தைச் சுட்டியபோது, உண்மையில்லாத வழக்கம் வெறும் பழைய பிழையே என்ற பொருளில் சிப்ரியான் பதில் சொன்னார். 256 செப்டம்பர் முதல் நாள் ஆப்பிரிக்கா, நுமிடியா, மௌரித்தானியா மாநிலங்களின் ஆயர்கள் கார்த்தேஜில் கூடினர். குருக்களும் திருத்தொண்டர்களும் மக்களும் உடனிருந்தனர். 87 ஆயர்களின் கருத்துகள் பெயர் வாரியாகப் பதிவாயின. தொடக்க உரையில் சிப்ரியான் சொன்னதன் சாரம் இது: ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்வோம், மாறாக நினைப்பவரை நாம் தீர்ப்பிடவும் மாட்டோம், உறவிலிருந்து விலக்கவும் மாட்டோம், நம்மில் எவரும் ஆயர்களுக்கெல்லாம் ஆயராகத் தம்மை நிறுத்திக்கொள்ளவில்லை. பிறகு எல்லாரும் பேசியபின் அவர் கடைசியாகத் தம் கருத்தைச் சொன்னார்.

இதை எளிதாக நம்பலாமா? 87 பேரும் ஒரே கருத்தையே சொன்னார்கள். மறுப்பவரே இல்லாத அவையில் மறுப்பவரைப் பொறுத்துக்கொள்வோம் என்று அறிவிப்பதற்குச் செலவில்லை. கடைசி வாக்கியம் ஸ்தேவான் மேல் எறியப்பட்ட கல் என்பதும் வெளிப்படை. ஆகவே, உரோமையைத் தடுத்து நிறுத்தத் தேவைப்பட்டபோது கண்டுபிடித்த தந்திரமே இந்தச் சகிப்பு என்று வாதிடலாம். இந்த மறுப்பில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. சிப்ரியான் பேச்சில் சாந்தமானவர் அல்லர். ஆயர் பொம்பேயுவுக்கு எழுதிய மடலில் ஸ்தேவானைச் செருக்குள்ளவர், முன்னுக்குப் பின் முரணாகப் பேசுபவர் என்றே சாடுகிறார். ஆனால் நெறி, பூசலுக்கு முந்தியது. அந்தோனியனுக்கு எழுதிய மடலைத் தவிர இன்னொரு சான்றும் உண்டு. தெராப்பியு என்ற ஆயர், விக்டர் என்னும் குருவை அவருடைய தவம் முடியும் முன்பே, மக்களுக்குத் தெரியாமலேயே சேர்த்துக்கொண்டார். 66 ஆயர்களின் சங்கம் தெராப்பியுவைக் கண்டித்தது; அவர் அளித்த ஒப்புரவை மட்டும் திரும்பப் பெறவில்லை. உரோமையைப் போன்ற வலிய எதிராளி அங்கே இல்லை. தங்கள் சங்கத்தின் தீர்மானத்தை மீறிய சாதாரண ஆயர் ஒருவரிடமே அந்த நெறியைக் கடைப்பிடித்தார்கள். திருமுழுக்கு விவாதத்திலும் ஸ்தேவானுக்கும் யுபயானுஸ் என்ற ஆயருக்கும் எழுதிய மடல்களை, எவரையும் கட்டாயப்படுத்தவில்லை என்ற ஒரே முடிப்போடுதான் அவர் நிறைவு செய்கிறார்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இவ்வளவு பொறுத்தவர் நொவாசியனை ஏன் பொறுக்கவில்லை? ஒவ்வோர் ஆயரும் கடவுளுக்கே கணக்குச் சொல்வார் என்றவர், தேசியுஸ் காலத்தில் சான்றிதழ் வாங்கியதற்காக நீக்கப்பட்ட ஸ்பெயின் ஆயர்கள் பசிலீது, மார்சியால் ஆகியோரின் வழக்கில் ஏன் தலையிட்டார்? ஆர்ல் ஆயர் மார்சியானை நீக்க உதவுமாறு ஸ்தேவானுக்கே ஏன் எழுதினார்? முரண் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை; அவர் நடுநிலையான நீதிபதி அல்லர். ஆனால் எல்லை எங்கே வரையப்பட்டது என்பதும் தெரிகிறது. மார்சியான் நொவாசியனோடு சேர்ந்துவிட்டவர். நொவாசியனோ கடுமையான கருத்துக்காக மட்டும் விலக்கப்படவில்லை. அதே கடுமையோடு உள்ளே இருந்த பழைய ஆப்பிரிக்க ஆயர்களைச் சிப்ரியான் மதிப்போடுதான் குறிப்பிடுகிறார். ஏற்கெனவே ஆயர் இருக்கும் ஊரில் எதிர்ப் பீடம் அமைத்ததே நொவாசியனின் குற்றம். ஸ்பெயினிலோ, பக்கத்து ஆயர்களும் மக்களும் கூடி நீக்கிய முடிவை, தொலைவிலிருந்த உரோமை விவரம் தெரியாமல் மாற்றிவிட்டது என்பதே அவர் முறையீடு. தகுதியற்ற ஆயரை விலக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்று அங்கே அவர் வாதிட்டார். கருத்தால் வேறுபடலாம், அதற்காக இன்னொரு சபை அமைக்கக் கூடாது என்ற கோட்டில் அவர் நின்றார். அந்தக் கோட்டை அவரே சில வேளை நெருங்கியிருக்கிறார், தாண்டவில்லை.

விவாதம் எப்படி முடிந்தது என்பதும் கவனத்துக்குரியது. எந்தச் சங்கமும் அதை அப்போது தீர்க்கவில்லை. ஸ்தேவான் ஆப்பிரிக்கத் தூதர்களைச் சந்திக்கவே மறுத்தார். கப்பதோக்கியாவின் செசரியா ஆயர் ஃபிர்மிலியன் அவரைக் கடுமையாகத் தாக்கிச் சிப்ரியானுக்கு எழுதினார். அலெக்சாந்திரியாவின் தியோனீசியு சமாதானம் பேசினார். 257 ஆகஸ்டில் ஸ்தேவான் இறந்தார். அவருக்குப் பின் வந்த இரண்டாம் சிக்ஸ்துஸ் காலத்தில் உறவு சீராக இருந்தது. அவரைச் சமாதானம் விரும்பும் நல்லவர் என்றே பொந்தியுஸ் குறிப்பிடுகிறார். இரு வழக்கங்களும் அருகருகே தொடர்ந்தன. அதற்குள் பேரரசர் வலேரியனின் ஆணை வந்தது. 257 ஆகஸ்ட் 30இல் ஆளுநர் பத்தேர்னுஸ் முன் நிறுத்தப்பட்ட சிப்ரியான், தம் குருக்களின் பெயர்களைச் சொல்ல மறுத்துக் குருபிஸ் என்ற கடற்கரை ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். இன்றைய துனிசியாவின் கோர்பா அது. 258 ஆகஸ்ட் 6இல் உரோமையில் சிக்ஸ்துஸ் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14இல் கார்த்தேஜில் மக்கள் சூழ்ந்து நிற்கச் சிப்ரியானின் தலை வெட்டப்பட்டது. தண்டனையை நிறைவேற்ற வந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்குமாறு அவர் தம்மவர்களிடம் சொன்னதாக விசாரணைப் பதிவு கூறுகிறது.

அதற்குப் பின் அவர் பெயர் ஆப்பிரிக்காவில் ஒரு சொத்தாயிற்று. வாரிசுகள் இருவர் வழக்காடினர். நான்காம் நூற்றாண்டில் பிரிந்த தொனாத்துவாதிகள், துன்புறுத்தலில் வழுவிய ஆயர்களின் அருளடையாளங்கள் செல்லா என்று கூறிச் சிப்ரியானின் திருமுழுக்குக் கொள்கையை ஆதாரமாக்கினர். அவருடைய எழுத்துக்கு இருந்த மதிப்பை, அந்நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் உருவான ஒரு பட்டியல் காட்டுகிறது: விவிலிய நூல்களின் வரி எண்ணிக்கையைத் தந்துவிட்டு, அடுத்ததாக அது சிப்ரியானின் நூல்களைத்தான் எண்ணுகிறது. 400ஐ ஒட்டி அகுஸ்தினார் திருமுழுக்கைப் பற்றி ஏழு நூல்கள் எழுதித் தொனாத்துவாதிகளுக்கு விடை சொன்னபோது, சிப்ரியானை மறுக்கவும் வேண்டும், இழக்கவும் கூடாது. அவர் 256 சங்கத்தின் பதிவை எடுத்து 87 கருத்துகளையும் ஒவ்வொன்றாக மறுத்தார். ஆனால் தொடக்க உரையைத் தம் சான்றாக வைத்தார். மாறாக நினைத்தவர்களோடு உறவில் நின்றவர் சிப்ரியான். அவர் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் காத்த உறவைக் கைவிட்டவர்கள் நீங்கள் என்றார். வின்சென்ட் கண்ட விந்தைக்கு இதில் விடை இருக்கிறது.

அகுஸ்தினாரின் வெற்றியை முழுமையானதாகக் கருதவும் முடியாது. 405இல் பேரரசர் தொனாத்துவாதிகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியபின், அரசின் வற்புறுத்தலை அவர் நியாயப்படுத்தத் தொடங்கினார். 411இல் இரு தரப்பிலும் ஏறத்தாழ 280 ஆயர்கள் வீதம் கூடிய கார்த்தேஜ் மாநாட்டில் தீர்ப்பு வழங்கியவர் அரச அலுவலர் மார்செல்லினு. சிப்ரியானின் நெறிக்கு அங்கே இடம் இல்லை. அரசு பின்னால் இல்லாததால்தான் சிப்ரியான் பொறுத்தார் என்று இதை வைத்து ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் விலக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. எதிர் அணியினர்மேல் அதைப் பலமுறை பயன்படுத்தினார். 256இல் பயன்படுத்தாதது ஒரு தேர்வு. அந்த நெறிக்கு ஒரு குறை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒருவர் முறித்தே தீருவேன் என்றால் அதைத் தடுக்க அதில் வழியில்லை, இறுதியில் யார் சரி என்று சொல்லவும் வழியில்லை. சமயச் சீர்திருத்தக் காலம் முதல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஆங்கிலிக்கரும் தத்தம் கட்சிக்கு அவரையே சாட்சி அழைத்ததற்கும் இதுவே காரணம். அந்த நெறி செய்தது வேறு. தோற்பவரின் வாதத்தையும் பெயரோடு பதிவு செய்து, வெல்பவர் அதை எடுத்துப் படித்து மறுக்கும் அளவுக்கு இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. சிப்ரியானின் பிழை 140 ஆண்டுகளுக்குப் பின் திருத்தப்பட முடிந்தது. அதற்காக அவரைத் துறக்க வேண்டிய நிலை திருத்தியவருக்கு வரவில்லை.